‘பீரோ-2’: ஒரு மறுமதிப்பீட்டின் வரலாறு

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் ‘மறுமதிப்பீடு’ என்பதற்கே உரியது. ஒரு படத்தை வெளிவந்த அன்றைக்கே திட்டுவது எவருக்கும் கைவந்த வேலை. அதே படத்தைப் பத்து ஆண்டுகள் கழித்துத் தூசி தட்டி எடுத்து, “ஐயோ, எப்பேர்ப்பட்ட படைப்பு! இந்தச் சமூகம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டதே!” என்று நெஞ்சில் அடித்துக்கொள்வதற்குத்தான் மேதைமை வேண்டும். திட்டியவரும் அடித்துக்கொள்பவரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால், அது சிக்கனமும்கூட.

அப்படியொரு சிக்கனமான மேதை இருந்தார். வார இதழ் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகத் திரை விமர்சனம் எழுதிவருபவர். ‘இரும்புப் பேனா’ என்று ஊரே அவரை அழைத்தது. முதலில் அப்படி அழைத்தவர் அவர்தான். ஊர் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

இரும்புப் பேனாவிடம் ஒரு தொழில்முறை இருந்தது. எந்தப் படமானாலும் இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவார். இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் கலையின் உள்விவகாரம் அறியாதவர்கள். முதல் பாதி என்பது கேள்வி, இரண்டாம் பாதி என்பது பதில். பதில் தெரிந்த மனிதர் எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்? அப்படியும் சந்தேகம் இருந்தால் வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் ‘கள ஆய்வு’ நடத்துவார். பத்து ஆண்டுகளுக்கு முன் ‘பீரோ-2’ வெளியானபோது நடந்த ஆய்வு பின்வருமாறு:

“கடைசில என்னப்பா ஆகுது?”

“பேய் செத்துடுது சார்.”

“பேய் ஏற்கெனவே செத்ததுதானே?”

“இது ரெண்டாம் பாகம் சார். ரெண்டாந்தடவை சாகுது.”

போதாதா? அன்று மாலையே விமர்சனம் தயாராகிவிட்டது. ஆளை விழுங்கும் பீரோ ஒன்றைப் பற்றிய முதல் பாகம் சக்கைப்போடு போட்டிருந்தது. அதை எடுத்தவர் வேறொருவர். இரண்டாம் பாகத்தை ஒரு புதியவர் கையில் கொடுத்திருந்தார்கள். முதல் பாதி முழுக்க, பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி, கயிற்றால் கட்டி, ஒரு மூலையில் பீரோ சும்மா நின்றது. இரும்புப் பேனா அதையெல்லாம் ஒரு பத்தியில் பிய்த்து எறிந்துவிட்டு, பார்க்காத பாதிக்கும் அநியாயம் செய்துவிடக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ‘பேயாக வரும் பெண்ணுக்கு முகமும் இல்லை, முகபாவமும் இல்லை. வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்க்கலாம்.’

படம் மூன்று நாள் ஓடியது.

இதில் ஒரு சிறு குடும்பச் சிக்கல். அந்தப் புதிய இயக்குநர் வேறு யாருமல்ல, இரும்புப் பேனாவின் மனைவியுடைய தம்பிதான். தன் நேர்மைக்கு உறவுகூடக் குறுக்கே நிற்க முடியாது என்பதற்குச் சான்றாக இரும்புப் பேனா இதை மேடைதோறும் சொல்லிவந்தார். மைத்துனர் அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. இப்போது பீரோ கம்பெனி ஒன்றுக்கு விளம்பரப் படம் எடுக்கிறார். அவற்றில் பீரோ திறக்கும், மூடும், பேய் வராது.

மனைவி அன்றைக்கு விமர்சனத்தை ஒரு முறை படித்தாள். பிறகு அந்தப் பக்கத்தைச் சமையலறைத் தட்டில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கினாள். அதன்பிறகு அவரிடம் எந்தப் படத்தைப் பற்றியும் அவள் கேட்டதில்லை. தம் தீர்ப்புக்கு வீட்டில் மறுபேச்சே கிடையாது என்று இரும்புப் பேனா பெருமைப்பட்டுக்கொண்டார்.

பத்து ஆண்டுகள் உருண்டன. எங்கோ ஒரு நாட்டில் எவரோ ஒருவர் ‘உலகம் கவனிக்கத் தவறிய பத்துப் பேய்ப் படங்கள்’ என்று பட்டியல் போட, அதில் ஆறாவதாக ‘பீரோ-2’ உட்கார்ந்திருந்தது. இதழாசிரியர் அலறியடித்துக்கொண்டு போன் செய்தார்.

“சார், உடனே நாலு பக்கம் வேணும். பாராட்டி.”

“நான்தானே திட்டினேன்?”

“அதனாலதான் சார் உங்ககிட்ட கேக்கறேன். திட்டாத ஆளுக்கு மறுமதிப்பீடு பண்ண என்ன தகுதி இருக்கு?”

இரும்புப் பேனாவுக்கு அந்தத் தர்க்கம் பிடித்துப்போயிற்று.

அதே வாரம் ‘மறுமதிப்பீட்டு மன்ற’த்தின் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். உறுப்பினர்கள் பதினோரு பேர். படத்தைப் பார்த்தவர் என்று அங்கே ஒருவர்தான் இருந்தார் என்பதால் இரும்புப் பேனா நடு நாற்காலியில் அமர்த்தப்பட்டார்.

“ஒரு மணி நேரம் பீரோவை யாருமே திறக்க மாட்டாங்க,” என்றார் அவர், கண்களை மூடிக்கொண்டு.

“என்ன துணிச்சல்!” என்றார் பல் டாக்டர். “நானா இருந்தா முதல் நிமிஷமே தொறக்கச் சொல்லியிருப்பேன்.”

“சாவி தொலைஞ்சிருக்குமோ?” என்றார் ஓர் உறுப்பினர்.

“அதுதான் சார் குறியீடே!” என்றார் இன்னொருவர்.

படத்தைப் பார்த்த பிறகு பாராட்டலாமே என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். கால விரயம் என்று அது நிராகரிக்கப்பட்டது. ‘பீரோ-2 ஒரு காவியம்’ என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காவியத்தை ஞாயிறு காலை பத்து மணிக்குத் திரையிடுவது. முடிந்ததும் இரும்புப் பேனா சிறப்புரை. மன்றத்தின் ‘நிரந்தர மறுமதிப்பீட்டாளர்’ பதவியை அந்த மேடையிலேயே அவருக்கு வழங்குவது.

ஞாயிறு காலை. இரும்புப் பேனா குளித்துவிட்டு வந்தபோது, பழுப்பு நிறக் கோட்டும் சட்டையும் வழக்கம்போல மடிப்புக் கலையாமல் கட்டில்மேல் இருந்தன. முப்பது வருடமாக அவருடைய உடுப்புகள் எங்கிருந்தோ கிளம்பி, தாமாகவே மடிந்து, தாமாகவே கட்டிலில் வந்து உட்கார்ந்துவிடும். எப்படி என்று அவர் ஆராய்ந்ததில்லை. வீட்டு பீரோவின் நிறம் என்ன என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

மனைவி புதுப் புடவையில் வந்து நின்றாள்.

“நானும் வர்றேன்.”

“நீயா? பேய்ப் படம்மா அது. பயப்படுவ.”

“பரவால்ல. தம்பியும் வர்றான்.” சற்று நிறுத்தினாள். “படம் முடிஞ்சதும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்னு சொல்லியிருக்கான். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். மாமா படத்தை முழுசாப் பாக்கணுமாம்.”

“இது என்ன நிபந்தனை? நான் எப்பவுமே முழுசாத்தானே பாக்கறேன்?”

“சரி, அப்ப சொல்லுங்க. அதுல பேய் எப்படி இருப்பா?”

இரும்புப் பேனா கோட்டுப் பொத்தானைப் போட்டார். ஒரு பொத்தானுக்கு இத்தனை நேரம் எடுக்கலாம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

“பேய் மாதிரிதான் இருப்பா,” என்றார்.

“ம்,” என்றாள் மனைவி. “இந்த ஒரு தடவை கடைசிவரைக்கும் உக்காருங்க. இனிமே நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

“உக்காருவேன். சத்தியம்.”

அரங்கில் நூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் வரிசையில் ஒரு பக்கம் பல் டாக்டர், நடுவில் இரும்புப் பேனா, மறுபக்கம் மனைவி, அவளுக்கு அப்பால் மைத்துனர். மைத்துனர் எழுந்து, “வாங்க மாமா,” என்று இரண்டே வார்த்தை சொன்னார். பத்து ஆண்டுகளில் அதுதான் முதல் பேச்சு. மனைவியின் முகத்தில் வெளிச்சம் வந்ததை அரங்கின் விளக்குகள் அணைந்த பிறகும் பார்க்க முடிந்தது.

படம் தொடங்கியது. பீரோ நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அதன்மேல் போர்த்தியிருந்த பூப்போட்ட விரிப்பை எங்கேயோ பார்த்தாற்போல் இருந்தது இரும்புப் பேனாவுக்கு. பெரிய கலைப் படைப்புகளில் இப்படித் தோன்றுவது சகஜம் என்று குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு கயிற்றின் ஒரு முடிச்சு தானாக அவிழ்ந்தது. இடைவேளை.

இங்கேதான் கொள்கையின் வலிமையைப் பார்க்கிறோம். அவர் எழ வேண்டும் என்று நினைக்கவேயில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் கால்கள் எழுந்தன. மற்ற உறுப்புகள் பின்தொடர்ந்தன.

“எங்க போறீங்க?” என்றாள் மனைவி.

“ஒரு டீ. இதோ வந்துட்டேன்.”

டீ வந்தது. கூடவே சிறப்புரைக்கு ஓர் அருமையான முடிவும் வந்தது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். பேயைப் பற்றி இதுவரை யாருமே எழுதவில்லையே! அன்றைய விமர்சகர்கள் எல்லோரும் படத்தைத் திட்டினார்கள், சரி. அந்த நடிகையை யாரோ ஒரு மடையன் ஒரே வரியில் முடித்துவிட்டதாகவும் அவருக்கு லேசாக நினைவு வந்தது. யார் என்று நினைவு வரவில்லை. பேனா பறந்தது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு சுவர் அதிரக் கைதட்டல். காவியம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

உள்ளே நடந்ததை, முழுப் படத்தையும் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டுத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. விரிப்பு விழுந்ததும் பச்சை நிற பீரோ ஒன்று தெரிந்ததாம். கதவு திறந்தது. உள்ளே சட்டைகள், ஒரு பழுப்பு நிறக் கோட்டு. அந்தக் கோட்டை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்த பேய் யாரையும் விழுங்கவில்லை, இரண்டாந்தடவை சாகவுமில்லை. வீடெல்லாம் இறைந்து கிடந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக் கட்டிலில் வைத்தது. வீட்டுக்காரன் வந்து, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் உடுத்திக்கொண்டு போனான். கடைசியில் பேய் நிமிர்ந்து, பார்வையாளர்களை நேருக்கு நேர் பார்த்தது. முதலில் சிரித்த அரங்கு அப்போதுதான் அடங்கியது. திரையிலிருந்த முகத்தையும் முதல் வரிசையில் இருந்த முகத்தையும் நூற்றுப் பத்துப் பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். எழுத்து ஓடியது: ‘பேய்: என் அக்கா. வீடு தந்து உதவியவர்: அதே அக்கா.’

“மாமா அப்ப வெளியூர்ல ஒரு விழாவுக்கு நடுவராப் போயிருந்தார்,” என்று மைத்துனர் பல் டாக்டரிடம் சொன்னாராம். “ரெண்டு வாரத்துல எடுத்து முடிச்சோம். திரையிலயே பாத்துக்கட்டும், சொல்லாதடான்னு அக்காதான் சொன்னுச்சு.”

இதில் எதுவும் தெரியாமல் இரும்புப் பேனா உள்ளே நுழைந்தார். மனைவியைச் சுற்றிக் கூட்டம். அவள் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்முடைய மனைவி என்பதற்காக இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்தபடி மேடையேறினார்.

பல் டாக்டர் மைக்கில் தழுதழுத்தார். “இவ்ளோ பெரிய விஷயத்தை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் மூச்சு விடலையே சார் நீங்க!”

“என் அறிவைப் பற்றி நானே பேசுவதில்லை,” என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, இரும்புப் பேனா தாளைப் பிரித்தார்.

“நண்பர்களே! இந்தப் படத்தின் உயிர் அந்தப் பேய்தான். நான் ஒரு நொடிகூடக் கண் இமைக்காமல் பார்த்தேன்.”

மனைவி மடியில் கை வைத்து அமர்ந்திருந்தாள். மைத்துனர் செருப்பைக் காலால் தேடத் தொடங்கினார்.

“அந்தப் பெண் இப்போது எந்த வீட்டில் இருக்கிறாரோ! ‘நன்றாகச் செய்தாய்’ என்று ஒரே ஒரு வார்த்தை அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? பத்து ஆண்டுகள்! அவரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ‘முகமும் இல்லை, முகபாவமும் இல்லை’ என்று எழுதினானே ஒருவன், அவனை நான் கேட்கிறேன்.” குரல் எழும்பியது. தாளில் குறித்துவைத்திருந்தபடியே கை உயர்ந்தது. “மனசாட்சி என்று ஒன்று இருந்தால், அவன் இந்த அரங்கில் இருந்தால், எழுந்து நிற்கட்டும்!”

நூற்றுப் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.