மனுவுக்குப் போட்ட பூட்டு

தொண்ணூற்றேழாம் வருசம், ஒரு திங்கட்கிழமை, பொண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியம் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் ஆறு எழுத்தர்களுக்கு ஒரே கம்ப்யூட்டர். அது இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். ஆறு பேரில் ஒருவன் நான், ஒருத்தி என் மனைவி சித்ரலேகா. அவளுக்குப் பதவி உயர்வு வந்தது, ஆழ்வார்குறிச்சிக்கு.

“ஒமக்கும் மாறுதல் வேணுமா வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல குடும் வே,” என்றார் அதிகாரி ஞானையா.

“வேணும்னு எழுதிருங்க. தெனமும் பஸ்ல போய் வந்தா என் இடுப்பு என்னத்துக்கு ஆவும்? அங்கனயேதான் தங்கணும்,” என்றாள் சித்ரலேகா.

“எழுதுதேன், எழுதுதேன்.”

கம்ப்யூட்டரில் எழுதினேன். ‘எனக்கு ஆழ்வார்குறிச்சிக்கு மாறுதல் வேண்டாம்.’ சாயங்கால கேரம் ஆட்டத்தை விட்டு எவன் போவான்? வீட்டில் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவைத்து, எங்கள் கல்யாணத் தேதியையே அந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்டாகப் போட்டேன். அது எனக்கு ஞாபகமிருக்கும் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள்.

வியாழக்கிழமை ஃபைல் திறக்கவில்லை. ஒருவரும் நம்பாதது சரிதான்.

“சித்ரா, நம்ம கல்யாணத் தேதி என்ன?”

“பன்னெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் கேக்கிய. ஒடம்புக்கு முடியலையா?”

“சும்மா, ஒரு பாசந்தான்.”

“பிப்ரவரி எட்டு, எம்பத்தஞ்சு.” சொல்லிவிட்டு என்னையும் பார்த்தாள், கம்ப்யூட்டரையும் பார்த்தாள்.

திறந்தது. அச்சடிக்குமுன் கரண்ட் போயிற்று. நான் சாப்பிடப் போனேன். திரும்பியபோது கரண்டும் வந்திருந்தது, அந்த அறையிலிருந்து அவளும் வந்துகொண்டிருந்தாள். நான் எழுதினதை நானே எதற்கு வாசிக்க? அச்சடித்தேன், கையெழுத்துப் போட்டேன், கொடுத்தேன்.

மறுநாள் ஞானையா கூப்பிட்டார். “சந்தோசம் வே சிவசண்முகம். ரெண்டு பேருக்கும் ஆழ்வார்குறிச்சிதான்.”

“சார், நான் வேண்டாம்னுல்லா எழுதுனேன்!”

தாளைத் திருப்பிக் காட்டினார். ‘மாறுதல் வேண்டும்.’ ‘டா’ போய் ‘டு’ உட்கார்ந்திருந்தது. கீழே என் கையெழுத்து, அழகாக.

நேரே அவள் மேஜைக்குப் போனேன்.

“என் மனுவுல கை வச்சியா?”

“ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு, திருத்துனேன்.” நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. “இல்ல, என்னைய ஒத்தையில அனுப்பத்தான் வேண்டாம்னு எழுதுனியளா?”

இவள் இல்லாத வீட்டுக்குக் கேரம் ஆடிவிட்டுத் திரும்பி என்ன செய்வேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“சேச்சே. டைப் அடிக்கையில கை தவறிப்போச்சு.”

“தெரியும்,” என்று கண்ணைத் துடைத்தாள். “அங்கன வீடுகூடப் பாத்தாச்சு. எங்கம்மை வீட்டுக்கு நேர் எதுத்தாப்புல.”