மெய்யான மிதிவண்டியாளர்களுக்கான பெட்டி

இலையுதிர் காலம் தொடங்கியதும் மரங்கள் இலைகளை உதிர்த்தன. இரயில் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கையை உதிர்த்தது. இலைகளையாவது பெருக்கித் தள்ளிவிடலாம்.

அந்த ஆண்டு மிதிவண்டி ஒரு மோகமாகப் பரவியிருந்தது. பழுத்த இலைகள் பரந்து கிடக்கும் சாலையில் மிதிவண்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளாத எவரையும் நாகரிகம் அறிந்தவராக ஊர் மதிக்கவில்லை. மக்களின் ஆர்வம் கண்டு பூரித்த நிர்வாகம், காலை ஏழு இருபது வண்டியில் ‘மெய்யான மிதிவண்டியாளர்களுக்கான தனிப் பெட்டி’ ஒன்றை இணைத்தது. ஏனைய பெட்டிகளில் மிதிவண்டியை ஏற்றுவது அன்று முதல் குற்றமாயிற்று. மெய்யானவர் யார், போலி யார் என்று பிரித்தறியும் பெரும்பொறுப்பு அனுமதிப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதனால் மகிழ்ந்திருக்க வேண்டியவர், மூக்குக்கண்ணாடித் தொழிற்கூடம் ஒன்றில் லென்ஸ் தேய்ப்பவர். லென்ஸ்காரர் என்றால்தான் அவரை நாலு பேருக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகளாக அவர் வீட்டிலிருந்து நிலையம் வரை ஆறு கிலோமீட்டர் மிதிப்பார். வண்டியைக் கடைசிப் பெட்டியின் கதவோரம் சாத்தி வைப்பார். இறங்கியபின், பேருந்து எட்டிப் பார்க்காத சாலையில் ஏழு கிலோமீட்டர் மிதித்து, மணி அடிக்குமுன் இயந்திரத்தின் எதிரே அமர்ந்திருப்பார். சுற்றறிக்கை வந்த வாரத்தில் அந்த ஏழு கிலோமீட்டரையும் நடந்து கடந்ததால் மூன்று முறை தாமதமானார். அவருடைய மேலாளர் சொற்களை வீணாக்காதவர்.

"நாலாவது தடவை லேட்டா வந்தீங்கன்னா, உள்ள வர வேண்டாம். அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க."

லென்ஸ்காரர் எஞ்சியிருந்த இரண்டு வார விடுப்பையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அனுமதி பெறப் புறப்பட்டார்.

விதி எளிமையானது. விண்ணப்பதாரர் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் படங்கள், ஏழு வெவ்வேறு நாள்களில் எடுக்கப்பட்டவையாக, ஏழு வேண்டும். அவற்றில் முகம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகவும், வண்டி ஐயத்துக்கு இடமின்றி ஓடிக்கொண்டும், இலை ஒன்றேனும் உதிர்ந்துகொண்டும் இருத்தல் வேண்டும். ஓட்டுபவர் தம்மைத் தாமே படம் எடுப்பது வேறொரு சுற்றறிக்கையின்படி குற்றம். ஆகவே அந்தப் பணி மனைவியின் தலையில் விழுந்தது.

காலைதோறும் அவ்வம்மையார் தெருமுனை மரத்தடியில் கைபேசியுடன் நின்றார். கணவர் வரும்போது இலை விழவில்லை. இலை விழும்போது கணவர் கடந்து போயிருந்தார். மூன்றாம் நாள் முதல், ஒரு கையால் ஒட்டடைக் கம்பு கொண்டு கிளையை உலுக்கிக்கொண்டே மறுகையால் படம் எடுக்கப் பழகினார்.

"நம்ம கல்யாணத்துலகூட உங்களை யாரும் இவ்வளவு போட்டோ எடுக்கலைங்க."

"அன்னைக்கு நான் ஓடிக்கிட்டு இல்லையே."

"ஓடியிருந்தா நானாவது தப்பிச்சிருப்பேன். சரி, இன்னொரு சுத்து வாங்க. கண்ணை மூடிட்டீங்க."

ஏழு நாளில் ஏழு படங்கள் சேர்ந்தன. அனுமதிப் பிரிவின் எழுத்தர் அவற்றை மேசைமேல் பரப்பி, பென்சில் முனையால் எதையோ எண்ணினார்.

"முப்பத்தாறு கம்பி," என்றார்.

"ஆமா சார், சக்கரத்துக்கு முப்பத்தாறு."

"ஓடற சக்கரத்துல கம்பியை எண்ண முடியுமா? நான் எண்ணிட்டேனே! அப்ப வண்டி நிக்குது."

"ரெண்டு காலும் பெடல்மேல இருக்கு, பாருங்க. நின்னா நான் விழுந்திருப்பேனே சார்!"

"விழலைன்னு யாரு சொன்னா? போட்டோ எடுத்ததுக்கு அப்புறம் விழுந்திருக்கலாம்."

"கேமரா வேகமா எடுத்தா ஓடறதும் நிக்கற மாதிரிதான் சார் தெரியும்."

"அப்ப மெதுவா எடுக்கச் சொல்லுங்க. அவசரம் எதுக்கு?"

எழுத்தர் கொடுமைக்காரர் அல்லர். நாற்காலி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, அதன்பிறகே ‘நிராகரிக்கப்பட்டது’ என்னும் முத்திரையைக் குத்தினார்.

இரண்டாம் வாரம் அம்மையார் கைபேசியின் அமைப்பை மாற்றி, மெதுவாக எடுத்தார். சக்கரக் கம்பிகள் கரைந்து பனிப்படலமாயின. உடன் கணவரின் முகமும் கரைந்தது.

"இப்ப வண்டி ஓடுது. சந்தேகமே இல்லை," என்று எழுத்தர் பாராட்டினார். "ஓட்டறது யாரு?"

"நான்தான் சார்."

"அதை நீங்க சொல்றீங்க. போட்டோ சொல்லலையே!"

"சார், என் சைக்கிள் கீழேதான் நிக்குது. ஜன்னல் வழியாப் பாருங்க, ஒரு சுத்து ஓட்டிக் காட்டறேன்."

எழுத்தர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார்.

"நேர்ல பாத்து நான் என்ன செய்ய? அதை ஃபைல்ல வைக்க முடியுமா?"

லென்ஸ்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறருடைய பார்வை தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பதினோரு ஆண்டு கண்ணாடி தேய்த்தவர் அவர். விடுப்பு அன்றோடு முடிகிறது என்பதையும், மறுநாள் தாமதமானால் வேலை இல்லை என்பதையும் சொன்னார். எழுத்தரின் மனம் இளகியது. இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எதிர்ல ஒரு ஸ்டூடியோ இருக்கு. அங்க எடுத்தது ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை. நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க."

ஸ்டூடியோவின் உள்ளறையில் ஒரு மிதிவண்டி, இரும்புச் சட்டத்தில் இரு அச்சுகளும் முடுக்கப்பட்டு, தரையைத் தொடாமல் நின்றிருந்தது. பின்னால், சீலையில் தீட்டிய சாலை. பக்கத்தில் ஒரு மின்விசிறி; அதன்முன் ஒரு கூடைச் சருகு. வண்டியின் அடியில் தையல் இயந்திரத்து மோட்டார் ஒன்று, சக்கரங்களை மட்டும் சுழற்றும் பொருட்டுப் பொருத்தப்பட்டிருந்தது. சுவரோரம் ஏழு சட்டைகள் தொங்கின.

"ஒரு சட்டை, ஒரு நாள்," என்று விளக்கினார் ஸ்டூடியோக்காரர். "அரை மணி நேரத்துல ஒரு வாரம் முடிஞ்சிடும். ஏறி உட்காருங்க. சிரிங்க. ஐயோ, காலை ஆட்டாதீங்க!"

"சைக்கிள்னா மிதிக்க வேண்டாமா?"

"மிதிச்சா உடம்பு ஆடும், முகம் கலைஞ்சிடும். ஓட்டறவர் அசையவே கூடாது சார்." அவர் கேமராவிலிருந்து தலையை நிமிர்த்தி, ஐயத்தோடு பார்த்தார். "உங்களுக்கு நிஜமாவே சைக்கிள் ஓட்டத் தெரியுமோ?"

"தெரியும்."

"அதான் பாத்தேன்! இங்க வந்தவங்கள்ல அப்படிப்பட்டவர் நீங்கதான் முதல் ஆள். மத்தவங்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை."

லென்ஸ்காரர் ஏழு நாளும் அசையாமல் ஓட்டினார். மாலை நான்கு மணிக்கு எழுத்தர் படங்களைக் கண்டு கண் கலங்கினார். தெளிந்த முகம், சுழலும் சக்கரம், பறக்கும் இலை! ‘மெய்யான மிதிவண்டியாளர்’ என்று அச்சிட்ட அட்டையில் கையொப்பமிட்டு, எழுந்து நின்று வழங்கினார்.

மறுநாள் காலை, ஈர இலைகள் ஒட்டிய சக்கரங்களோடு லென்ஸ்காரர் நடைமேடையில் நின்றார். வண்டி வந்தது. தனிப் பெட்டியின் கதவு திறந்ததும் மிதிவண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி உள்ளே வைத்தார். அதற்குமேல் வைக்க இடமில்லை. மிதிவண்டி மாட்டும் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, பயணிகளின் கோரிக்கைக்கு இணங்கி, மெத்தை இருக்கைகளைப் பொருத்தியிருந்தார்கள். தலைக்கவசம் அணிந்த நாற்பது பேர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் மிதிவண்டி இல்லை.

"என்னங்க இது, கால்மேல ஏத்தறீங்க!" என்றார் ஒருவர்.

"சேறு! சேறு!" என்றார் மற்றொருவர்.

மூன்றாம் இருக்கையிலிருந்து ஒரு தலைக்கவசம் நிமிர்ந்தது. உள்ளே மேலாளர்.

"அட, நீங்களா! நீங்களும் பெர்மிட் வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்லையே! வாங்க, பக்கத்துல உட்காருங்க."

"சார்... சைக்கிள்..."

"அதை ஏன் தூக்கிட்டு அலையறீங்க? இறங்கினதும் ஸ்டேஷன் வாசல்ல என் கார் நிக்கும், சேர்ந்தே போயிடலாம். மத்தப் பெட்டியில கூட்டம் தாங்கலை. அதுக்காகத்தானே நாங்க எல்லாரும் மெய்யான மிதிவண்டியாளர் ஆனோம்!"

ஊதல் ஒலித்தது. லென்ஸ்காரர் கையிலிருந்த மிதிவண்டியைப் பார்த்தார். காலியாக இருந்த மெத்தையைப் பார்த்தார். மிதிவண்டியை நடைமேடைத் தூணில் சாய்த்துவிட்டு ஏறிக்கொண்டார். மேலாளரோடு வருபவர் எந்நேரத்தில் வந்தாலும் அதுவே உரிய நேரம் என்பதால், அன்று அவர் தாமதமாகவில்லை. அதன்பின் என்றுமே தாமதமாகவில்லை. மாலையில் மிதிவண்டியின் இருக்கையில் ஏழெட்டு இலைகள் அமர்ந்திருந்தன. அவற்றைத் தட்டிவிட்டு, அதை வீட்டுக்கு உருட்டிச் சென்று, பரணில் ஏற்றினார். மறுநாள் முதல் நிலையத்துக்குப் பேருந்தில் வந்தார். மறுவாரம் ஒரு நல்ல தலைக்கவசம் வாங்கினார்.

ஒரு மாதம் சென்றபின், மரங்கள் ஏறத்தாழ மொட்டையாகிவிட்ட ஒரு காலையில், பெட்டியின் கதவருகே ஒரு மருத்துவமனைச் செவிலியர் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் மிதிவண்டி, அதன் சங்கிலியில் ஓர் இலை சிக்கியிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, சைக்கிளை ஏத்திக்கறேன். இறங்கி ரொம்ப தூரம் போகணும். இன்னைக்கும் லேட்டாப் போனா என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்க. பெர்மிட்டெல்லாம் இருக்குண்ணா, இதோ பாருங்க."

கதவோர இருக்கையில் இருந்த லென்ஸ்காரர், தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த அட்டையை இருபுறமும் சரிபார்த்தார். குறையொன்றும் இல்லை. அன்போடு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"நீங்க தாராளமா வந்து உட்காருங்கம்மா. சைக்கிளை மட்டும் எறக்கிடுங்க. உங்களை விட்டா, நாளைக்கு ஆளாளுக்குச் சைக்கிளோட வர ஆரம்பிச்சிடுவாங்க."