மூச்சுவிட்ட கார்

கார்களுக்கு மூக்கு உண்டு என்று உலகத்துக்கே முதலில் அறிவித்தவர் எங்கள் மாமல்லபுரத்து ‘மூக்கு’ மெக்கானிக்தான். வெளிநாட்டுக்காரன் அதற்கு ஆக்சிஜன் சென்சார் என்று பெயர் வைத்ததோடு சரி. புகைக்குழாயில் உட்கார்ந்து அது மோப்பம் பிடிப்பதை, இவரும் பக்கத்திலேயே குனிந்து மோந்து சரிபார்ப்பார்.

இரண்டு சிற்பக்கூடங்களுக்கு நடுவே அவருடைய ஷெட். சென்சாருக்கு ஒயர் இணைக்க உட்கார்ந்தால், “கல்லுத்தூசி பூந்துடும், நிறுத்துங்கப்பா!” என்று ஒரு குரல் கொடுப்பார். அத்தனை உளிகளும் ஓய்ந்துவிடும்.

மதுராந்தகத்தில் என் மைத்துனி கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான் என்று மாமனாரிடம் மார்தட்டியிருந்தேன். அவருக்கு என் காரின் மேலும் நம்பிக்கை இல்லை, என் மேலும் இல்லை. நானோ இன்ஜினீயர். பழுதான சென்சாரை முதல் நாளே மாற்றி, நாலு ஒயரையும் ஈயப்பற்று வைத்து, தண்ணீர் புகாதபடி பசை பூசி மெழுகிவிட்டேன். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் அன்று காலையில் கார் கரும்புகையாகக் கக்கியது.

ஷெட்டில் மூக்கு காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னா சார் பண்ணி வச்சிகீற? இது ஒயர் வழியாத்தான் வெளிக்காத்த இழுக்கும். மூக்கப் பொத்திகினு மூச்சு வுடுன்னா எப்டி வுடும்?”

“அண்ணாத்த, நான் படிச்சதுல அப்படி இல்லையே...”

“படிப்பு கீது சார். காத்து வாணாமா?”

உளிகள் நின்றன. என் வேலைப்பாட்டை வெட்டி எறிந்துவிட்டு வேறு சென்சார் மாட்டினார். “வெள்ள ரெண்டும் சூடு, கறுப்பு சேதி, சாம்பலு எர்த்து” என்று ஒயர்களின் நிறம் பார்த்து முணுமுணுத்தபடியே ஈயமும் பசையும் இல்லாமல் ஒவ்வொரு ஒயரையும் சின்ன உலோகக் கவ்விக்குள் செருகி, இடுக்கியால் நசுக்கி இணைத்தார். இன்ஜின் சூடேறியதும் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைப் புகைக்குழாயின் வாயில் பிடித்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது! அதைக் கொடிபோல் ஆட்டினார். சிற்பிகள் விசிலடித்தார்கள்.

அன்று மாலை நாதஸ்வரத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையோடு என் கார் நடைவேகத்தில் ஊர்ந்தது. ஒரு பொட்டுப் புகை இல்லை. மாற்று ஏற்பாடாக நிறுத்தியிருந்த ஜீப்பை மாமனார் தானே திருப்பி அனுப்பினார். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திரும்பினால், அழைக்காமலே வந்திருந்த மூக்கு, காரின் பின்னாலேயே குனிந்து மோந்துகொண்டு வருகிறார்!

“அண்ணாத்த, பந்திக்கு வாங்க!”

“நீ போ சார். மண்டபம் வர்ர வரிக்கும் நான் கூடவே வந்துகினு கீறேன்.”

ஆல்பத்தில் மாப்பிள்ளை கம்பீரமாகச் சிரிக்கும் படங்கள் எத்தனையோ உண்டு. நான் சட்டம் போட்டு மாட்டியிருப்பது, காருக்குப் பின்னால் அவர் குனிந்திருக்கும் அந்த ஒரு படத்தைத்தான்.