ஐம்பத்தெட்டுக்கு ஒன்று குறைவு

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிடம். கொல்லிமலையில் சாரல். பாறைப்பட்டிச் சமுதாயக்கூடத்தின் நான்கு சன்னல்களில் மூன்றின் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. (நான்காவது சன்னல் திறக்காது.) அந்த நேரத்தில்தான் நான் தலைவர் ஆகாமல் போனேன்.

அன்று என்னை வேறு யாரும் தோற்கடிக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நானே நான்கு நாள் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என்னைத் தோற்கடித்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வருடம் இந்த மலையில் வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்து எழுதியவன் நான். சொந்த ஊர் மலையடிவாரம். ஓய்வு பெற்றதும் பாறைப்பட்டியில் ஒன்றரை ஏக்கர் மிளகுத் தோட்டம் வாங்கி, மனைவி சரசுவோடு குடியேறினேன். எண்ணுகிற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணுவேன். (ஒரு தடவை அறுபத்தொன்பதுதான் வந்தது. மறுநாள் மறுபடி போய்வந்தேன்.) இத்தனை எண்ணியும் மலையில் எனக்கு ஒரே பெயர்தான்: மீட்டர்காரர். கண்ணை மூடுவதற்குள் யாராவது என்னை ‘தலைவரே’ என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

வாய்ப்பும் வந்தது. எங்கள் நான்கு ஊர் மிளகு விவசாயிகள் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வேண்டியிருந்தது. புதன்கிழமை கூட்டம் கூடியதுமே செல்லமுத்து எழுந்தார். மிளகும் ஆடும் வைத்திருப்பவர். எந்தக் கூட்டமும் சீக்கிரம் முடிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

“மீட்டர்காரரே இருக்கட்டுங்க. படிச்சவரு, வேற வேலையும் இல்ல. எல்லாரும் கையத் தூக்குங்க, ஊட்டுக்குப் போலாம்.”

கைகள் உயர்ந்தன. பதினேழு வரை எண்ணினேன். அப்போது “நிறுத்துங்க” என்று ஒரு சத்தம். யாரென்று பார்த்தால், நான்தான்.

காரணம் டி.வி. அந்த வாரம்தான் குடியரசுத் தலைவர் தேர்தல். அதில் நாம் யாரும் நேராக ஓட்டுப் போடுவதில்லை. நாம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் போடுகிறார்கள். எல்லா ஓட்டுக்கும் ஒரே எடையும் கிடையாது. நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு நூற்று எழுபத்தாறு. சிக்கிமில் வெறும் ஏழு. மாநிலத்தின் ஜனத்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்தால் மதிப்பு வந்துவிடும். அந்த ஜனத்தொகைகூட இன்றையது இல்லை, 1971-ஆம் வருடக் கணக்கு! பழைய கணக்குக்கு இத்தனை மரியாதை தரும் நாட்டில் பிறந்திருக்கிறோமே என்று எனக்குக் கண் கலங்கியது. (“சீரியல மாத்திட்டு இதப் பாத்து அழுவறீங்களே” என்றாள் சரசு.)

ஆகவே சங்கத்துக்கும் அதையே சொன்னேன். ஒவ்வொரு ஊரும் ஒரு பிரதிநிதியை அனுப்ப வேண்டும். ஊரில் எத்தனை வீடோ, அவர் ஓட்டுக்கு அத்தனை மதிப்பு. பாதிக்கு மேல் வாங்குகிறவர் தலைவர். வீட்டுக் கணக்குக்கு 1991-இல் நான் எழுதிய நோட்டு இருக்கிறது.

“அது பழசாச்சுங்களே” என்றார் செல்லமுத்து.

“நாடே பழசத்தானுங்க வெச்சிருக்குது. அப்பறம், போட்டி இல்லீன்னா அது தேர்தலே இல்லீங்க. நீங்க என்னைய எதுத்து நில்லுங்க.”

“நானுங்களா? நான் உங்களுக்குத்தானுங்க கை தூக்குனேன்!”

“சும்மா பேருக்குத்தானுங்க.”

காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவரை நிற்க வைத்தேன்.

அடுத்த நான்கு நாளும் என் கால் தரையில் படவில்லை. ஓட்டுச்சீட்டுக்கு ரோஜா நிறத் தாள் வாங்கினேன். (எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த நிறம்தான்.) ஊதா மைப் பேனா நான்கு வாங்கினேன். சாயங்காலம் பனி இறங்கும்போது தோட்டத்துக்குப் போவேன். இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள் மிளகுக்கொடி சுற்றிக்கொண்டு, குடியரசுத் தலைவரின் குதிரைப்படை மெய்க்காவலர்களைப் போல விறைத்து நிற்கும். நடுவில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல நடப்பேன். வெள்ளைக்குள் எங்கோ குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும். (செல்லமுத்துவின் ஆடுகள்.) ‘தலைவரே’ என்று ஒரு குரல் வரும். திரும்பினால் பனிதான் இருக்கும். மரங்களை எண்ணினேன்: நாற்பத்தொன்று. போடாமல் விட்டது ஒரே ஒரு கூட்டலைத்தான்.

எனக்கான மாலையையும் சால்வையையும் நானே வாங்கிப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை வேடிக்கை பார்க்க எல்லோரும் வந்துவிட்டார்கள். பாறைப்பட்டி, கீழக்காடு, பலாமரத்துப்பட்டிப் பிரதிநிதிகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஊத்துக்குழி நாற்காலி மட்டும் காலி.

“அங்க யாருங்க இருக்கறாங்க?” என்றார் செல்லமுத்து. “ஊத்து வத்துனதும் எல்லாரும் ரோட்டோரம் வந்துட்டாங்களே. இப்ப மூணு ஊடுதான். அதுல சங்கத்து ஆளு பாவாயி ஒருத்திதான்.”

முட்டி வலியால் நான் அந்தப் பக்கம் போய்ப் பதினொரு வருடம். நோட்டைத் திறந்தேன். பாறைப்பட்டி இருபத்தொன்று, கீழக்காடு பத்தொன்பது, பலாமரத்துப்பட்டி பதினேழு. ஊத்துக்குழி ஐம்பத்தெட்டு. முதல் மூன்றையும் கூட்டினேன். ஐம்பத்தேழு. கீழிருந்து மேலே கூட்டினேன். பக்கத்தின் மேல் படிந்த பனி ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கூட்டினேன். ஐம்பத்தேழுதான்.

அப்போது வாசலில் பனி விலகி, தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாவாயி வந்தார்.

“ஏனுங்க, எம்பட ஓட்டு ஒண்ணே அம்பத்தெட்டாமா?”

“ஆமாங்க.”

“இவங்க மூணு பேரும் சேந்தாலும் என்னைய முந்த முடியாதுங்களா?”

“ஒண்ணு கம்மிங்க.”

அவர் உட்கார்ந்து, சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “என்னைய ஞாபகம் இருக்குதுங்களா, மீட்டர்காரரே?”

இருந்தது. அந்த நோட்டிலேயே இருந்தது. குடிசைகளுக்கு இலவசமாக ஒரே ஒரு விளக்கு கொடுத்திருந்த காலம். அதற்கு மீட்டர் கிடையாது. எட்டிப் பார்த்து ‘விளக்கு 1’ என்று எழுதிவிட்டு நகர வேண்டும். பாவாயி குடிசையில் அடுப்பருகே ஒன்று எரிந்தது. தூளிக்குப் பக்கத்தில், சேலை மறைவில் இன்னொன்று. நான் ‘விளக்கு 2’ என்று எழுதினேன். இரண்டு இருந்தால் வேறு என்ன எழுதுவது?

“லைனப் புடுங்கிட்டாங்க. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு ஒம்பது நாளு இருட்டுல கெடந்தேன்.”

“எண்ணிக்கை சரிதானுங்களே” என்றேன். (சொல்லியிருக்கக் கூடாது.)

“சரிதானுங்க. இதையும் சரியா எண்ணிக்கோங்க.”

ரகசிய வாக்கெடுப்பு என்று நான் கதறக் கதற, ஊதாப் பேனாவால் செல்லமுத்து பெயருக்கு எதிரே அழுத்தி ‘1’ போட்டு, சீட்டைச் சபைக்குக் காட்டிவிட்டு மடித்தார். மற்ற மூவரும் எனக்குப் போட்டார்கள். மூன்று ஊர் என் பக்கம். சபையில் கை தூக்கச் சொன்னால் ஒன்றைத் தவிர எல்லாக் கையும் என் பக்கம். ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தெட்டு.

செல்லமுத்துவுக்கு முகம் வெளிறிவிட்டது. “என்னைய உட்ருங்க சாமி, ஆட்ட அவுக்கப் போகோணும்.”

“விதி விதிதானுங்க” என்று அறிவித்தேன். தேர்தல் அதிகாரியும் நான்தானே! பையிலிருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டேன். சால்வையையும் போர்த்தினேன். எல்லோருக்கும் டீ சொன்னேன். அப்போது பனிக்குள்ளிருந்து, கனவில் கேட்ட அதே மாதிரி, “தலைவரே!” என்று ஒரு குரல். திரும்பிவிட்டேன். டீக்காரர் செல்லமுத்துவிடம் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்.

என் பெயர் மட்டும் மாறியது. இப்போது மலையில் யாரும் மீட்டர்காரர் என்பதில்லை, ‘அம்பத்தேழு’ என்கிறார்கள். பஸ் கண்டக்டரும் அப்படித்தான். காலையில் இட்லி வேண்டும் என்று நான் சொன்னால், “எனக்கு அம்பத்தெட்டு, உங்களுக்கு அம்பத்தேழு. உப்புமாதான்” என்கிறாள் சரசு.

அடுத்த மாதம் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊத்துக்குழிக்கு இறங்கினேன். பாவாயியிடம் ஒரு பல்பைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதையும் நோட்டுல எழுதிக்குவீங்களா?”

“எழுத மாட்டனுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே அதை மாட்ட உள்ளே போனார். வீட்டுக்குள் எத்தனை விளக்கு என்று நான் பார்க்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறிவரும் பனியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொன்னபடி நோட்டில் எழுதவும் இல்லை. இங்கே மட்டும்தான்: தாள், பேனா, மாலை, சால்வை, அறுபத்து மூன்று டீ, ஒரு பல்பு, ஆக மொத்தம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்.