ஒரு வருஷ சங்கீதம் எங்கே போயிற்று?

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த என் மைத்துனருக்கு,

இங்கு நாங்கள் யாவரும் நலமாக இல்லை. உன் நலத்தை விசாரிக்கும் உத்தேசமும் இப்போதைக்கு இல்லை.

"வயலின் படிக்கிற புள்ளைங்களுக்கு அந்தக் காலேஜ்ல உதவித்தொகைய அள்ளிக் குடுக்கறாங்க, இங்க முடிச்ச முதல் வருஷத்த அப்படியே ஏத்துக்குவாங்க" என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தியம் செய்தது யார்? உன் பேச்சைக் கேட்டுத்தான் உன் அக்கா மகளைக் கல்லூரி மாற்றினேன். இப்போது பழைய கல்லூரியில் தேறிய பாடங்களின் கிரெடிட் எதுவும் செல்லாதாம், அதனால் அவள் மறுபடியும் முதலாம் ஆண்டாம். சரி, முதலாம் ஆண்டுக்கான உதவித்தொகையையாவது கொடுங்கள் என்றால், அது பள்ளியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு மட்டுமாம், இவள்தான் ஏற்கெனவே ஒரு வருஷம் கல்லூரியில் படித்துவிட்டாளாம்! பாடத்துக்குப் படிக்காதவள், பணத்துக்குப் படித்தவள்!

போன வாரம் என் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு நானே கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்து அம்மாள் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அவங்க படிச்ச செவிப்பயிற்சிப் பாடம் வேற, எங்க செவிப்பயிற்சி வேற சார்" என்றார்.

"ஏம்மா, காது அதேதானேம்மா?"

"காதுக்கெல்லாம் கிரெடிட் கிடையாது சார்."

வேறு கடையில் கண் பரிசோதித்த சீட்டோடு வருகிறவரிடம் 'அவங்க பாத்த கண்ணு வேற, நான் பாக்கற கண்ணு வேற' என்று நான் சொன்னால் என் கடையில் ஒரு கண்ணாடி உடையாமல் மிஞ்சுமா? அந்த நேரம் பார்த்து எதிரே வந்தவர் யார் தெரியுமா? பழைய கல்லூரியில் இதே பாடத்தை அவளுக்கு நடத்திய வாத்தியார்! இப்போது இங்கே வேலையாம். தெய்வமே வந்ததென்று ஓடினேன். "நல்லா ஞாபகமிருக்கு சார், வகுப்புலயே முதல் மார்க்" என்றார். "அத அவங்ககிட்ட சொல்லுங்க சார்" என்றேன். மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பழைய சர்வீசையே இங்க ஒத்துக்கல சார். நானே முதல் வருஷ வாத்தியார்தான்" என்கிறார்!

பிள்ளை வயலின் பெட்டியைத் திறந்தே பல நாளாகிறது. "நான் கடைக்கே வந்துடறேன்ப்பா" என்கிறாள். வயிறு எரியுதுடா எனக்கு! இனிமே நீ என் வாசப்படிய மிதிச்சுப் பாரு! உனக்காகப் பரிந்து பேசினால் உன் அக்காவையும் உன் வீட்டுக்கே அனுப்பிவிடுவேன். இத்தனை வருஷம் அவள் என்னோடு குடும்பம் நடத்திய கிரெடிட்டையாவது நீ ஏற்றுக்கொள்.

மற்றபடி நீ நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்ந்து, அந்த நூறும் முதலாம் ஆண்டாகவே அமைய ஆசீர்வதிக்கிறேன்.

கொதிப்புடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை எடுக்கும்போது மகள் ஓடி வந்தாள். துறைத்தலைவர் இன்று அவளைக் கூப்பிட்டு, பியானோவில் வாசித்து, காதால் கேட்டதை எழுதச் சொன்னாராம். ஒரு பிழை இல்லையாம். இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்து, உதவித்தொகைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். "திடீர்னு எப்படிம்மா மனசு மாறுனாரு?" என்று கேட்டேன்.

"மாமாதான்ப்பா அவரு ரூம் வாசல்லயே உக்காந்திருந்தாரு. 'புள்ளயோட காத ஒரு தடவ சோதிச்சுட்டு அப்புறம் வேணாம்னு சொல்லுங்க'ன்னு கெஞ்சுனாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நீங்க கெளம்பி வந்தா இருக்கற சீட்டும் போயிடுமாம்."

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, திட்டு நன்றாக அமைந்துவிட்டது. அதை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வந்துவிடு.