அல்கோல் பேசிய தோட்டம்

1964ஆம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, இலங்கையின் கந்தப்பளைக்கு மேலே பனிமூட்டத்துக்குள் கிடந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், மனித குலம் அதுவரை வேலை செய்துவந்த முறை அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர் பெரிய கிளாக்கர் அம்பலவாணர்.

"இண்டைக்குத் தொடக்கம் இந்தத் தோட்டத்தில ஒருத்தரும் தங்கட பாட்டுக்கு வேலை செய்யக்கூடாது," என்று அவர் மேசைமேல் ஏறி நின்று அறிவித்தார். "எல்லாம் அல்கோல் முறையில."

கம்பளி போர்த்தி நின்ற வீரம்மா, பக்கத்தில் நின்ற கங்காணி மாயாண்டியைப் பார்த்தாள்.

"யாருங்க கங்காணி அது, புதுத் தொரையா?"

"வாய மூடிக்கிட்டு நில்லு. வந்தாத் தெரியும்."

அல்கோல் ஒரு மொழி. கணக்குப் போடும் மின்சார இயந்திரங்களுக்கு வேலை சொல்வதற்காக, பல தேசத்துப் பண்டிதர்கள் கூடி உட்கார்ந்து ஆக்கியது. அதைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்று சில நாட்களுக்கு முன் கம்பனியின் லண்டன் தலைமைக் கந்தோரிலிருந்து தோட்டத்தை நடத்தும் துரைக்கு வந்தது. துரை அதை ஒருமுறை புரட்டிவிட்டு அம்பலவாணரிடம் தள்ளினார். கொழும்பிலும் அப்படி ஓர் இயந்திரம் வரப்போகிறது, அதற்கு ஆள் தேட லண்டனிலிருந்து ஒருவர் வரும் திங்கட்கிழமை மத்தியானம் தோட்டத்துக்கு வருகிறார் என்றும் சொல்லிவைத்தார்.

அம்பலவாணர் அன்றே மனத்தால் கொழும்புக்குக் குடிபோய்விட்டார். "அட்டைக் கடிக்குள் வந்து குடும்பம் நடத்த மாட்டேன், கொழும்பென்றால் வருகிறேன்" என்று சொல்லி அவர் மனைவி கலியாணமான நாள் முதல் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறாள். அந்த மொழியில் ஒரு தோட்டத்தையே நடத்திக் காட்டினால் யார் அவரை மறுக்க முடியும்?

"கவனமாக் கேளுங்கோ. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர். பெயரைச் சொன்னால், அங்கங்க மாட்டியிருக்கிற பலகையில எழுதியிருக்கிறதைச் செய்ய வேணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 'தொடங்கு' எண்டால் தொடங்க வேணும். ஒவ்வொரு 'தொடங்கு'க்கும் ஒரு 'தீர்ந்தது' வேணும். பலகையில இல்லாதது உலகத்திலயே இல்லை."

"சொன்னத மட்டும் செஞ்சா போதுங்களா ஐயா?" என்று வீரம்மா கேட்டாள்.

"அது மட்டும்தான்."

பெண்கள் முகத்தில் பரவிய மகிழ்ச்சியை அவர் கல்வியின் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. மாயாண்டி மலையடியில் நின்று "தீர்ந்தது" என்றார். ஒருத்தியும் அசையவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டே நின்றார்கள்.

"ஏய், தீர்ந்ததுன்னு சொல்றேன்ல. எறங்குங்க."

"இன்னும் ரெண்டு பாக்கி கங்காணி," என்றாள் வீரம்மா, தலையில் தண்ணீர் ஒழுக. "நாங்க மூணு கூட்டமா வந்தோம். மூணு தடவ தொடங்குன்னீங்க."

மாயாண்டிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவர் 'தீர்ந்தது' என்பதை எண்ணாமல் சொல்லித் தீர்த்தார். பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். மலையைத் தாண்டினார்கள், பெரட்டுக்களத்தையும் தாண்டினார்கள், தாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அடுப்பு மூட்டி உட்கார்ந்தார்கள்.

அம்பலவாணர் குடையும் இல்லாமல் ஓடிவந்தார். "ஏன் இஞ்ச வந்து இருக்கிறியள்?"

"கங்காணி ஒன்னு கூடுதலா சொல்லிட்டாருங்க. காலையில பெரட்டுல நீங்க சொன்ன தொடங்கும் அதுல தீர்ந்துபோச்சு. இன்னிக்கு நாளே முடிஞ்சிருச்சுங்க," என்றாள் வீரம்மா.

அந்தப் பெண் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வேறு வழியில்லாமல் எல்லோரையும் திரும்பப் பெரட்டுக்களத்தில் நிறுத்தி, மேசைமேல் ஏறி, அதே பிரசங்கத்தை முதலிலிருந்து செய்து நாளை மறுபடி தொடங்கினார். மாயாண்டியின் வாயில் கைலேஞ்சித் துணியைக் கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

அந்தச் சிக்கல் தீர்ந்தது. கொழுந்தும் வந்தது. கூடை கூடையாக ஃபெக்டரி வாசலுக்கு வந்து, வாசலிலேயே நின்றது.

உள்ளே ஃபெக்டரி வேலையாள் பழனியாண்டி கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"ஏனடா வாசலில கொட்டிக் கிடக்கு?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"கொழுந்த வாட்டுன்னு எழுதியிருக்குங்க, வாட்டுவேன். உருட்டுன்னு இருக்கு, உருட்டுவேன். வாங்குன்னு எங்கயும் இல்லீங்களே ஐயா."

அம்பலவாணர் பலகையைப் பார்த்தார். இல்லை. புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கூட்டல் இருந்தது, பெருக்கல் இருந்தது, 'இப்படியானால் அப்படிச் செய்' இருந்தது. ஒன்றை உள்ளே வாங்கு, வெளியே கொடு என்பதற்கு மட்டும் ஒரு சொல்லும் இல்லை. ஏதோ இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று நகத்தால் பிரித்தார். எச்சில் தொட்டுப் பிரித்தார். ஆவி பறக்கும் கேத்தலின் மேல் காட்டிப் பிரித்தார். புத்தகம் வீங்கியது.

"ஐயா, பேசாம உள்ள அள்ளிப் போட்டுருவோமா?" என்றான் பழனியாண்டி.

"இல்லாத கட்டளையை எப்பிடியடா செய்யிறது? லண்டன்காரர் வாற நேரம்."

வந்தேவிட்டார். துரையும் லண்டன்காரரும் காரை விட்டு இறங்கினார்கள். கூடவே, கொழும்புக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்க்கும் யோகராணியும் இறங்கினாள். வாசலில் மலைபோல் கிடந்த கொழுந்து சூடேறிச் சிவந்து, அவிந்த கீரைபோல் மணந்துகொண்டிருந்தது. உள்ளே இயந்திரங்கள் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. துரை வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கானை எடுத்தார், திரும்ப வைக்க மறந்தார். யோகராணி பலகையை மேலிருந்து கீழ்வரை ஆங்கிலத்தில் சொல்ல, லண்டன்காரர் கேட்டார். பிறகு கொழுந்தைப் பார்த்தார். பிறகு துரையின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார்.

கொழும்பு கண்ணுக்கு முன்னால் கரைந்துபோவதை அம்பலவாணர் பார்த்தார். துரைமார் இருவரும் உள்ளே போனதும், யோகராணியிடம் வீங்கிய புத்தகத்தை நீட்டினார்.

"பிள்ளை, நான் எங்கேயோ ஒரு தாளை விட்டிட்டன். வாங்கிறதுக்கும் குடுக்கிறதுக்கும் என்ன சொல்லெண்டு அவரிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லு. இப்பவே திருத்திப் போடுறன்."

அவள் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாள். அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"நீங்கள் ஒரு தாளும் விடேல்லை ஐயா. அதை ஆக்கின ஆக்கள் அந்த ரெண்டுக்கும் சொல்லே வைக்கேல்லை. பாத்துப் படிக்க நல்ல மொழியெண்டு எல்லாரும் சொல்லுகினம். லண்டன் கந்தோரில போன வருஷமே அதை விட்டிட்டினம், கழிச்ச புத்தகத்தைத் தோட்டத்துக்கு அனுப்பிறம் எண்டு அவையள் எழுதின கடிதத்துக்குப் பதில் நான்தான் டைப் அடிச்சனான்."