ஆந்தைக்குக் கொடுத்த ஐந்து நட்சத்திரங்களைத் திரும்பப் பெறக் கோரி

மதிப்பிற்குரிய கணினிப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆளுக்கொரு கணினி உள்ள அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நலமாகத்தான் இருப்பார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு கணினி. ஐந்து பேரும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட 'உங்களுக்கு ஏற்ற இணைய உலாவி எது?' என்ற கட்டுரைதான் என்பதைப் பணிவுடன், பல்லைக் கடித்துக்கொண்டு, தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலில் எங்கள் கணினியைப் பற்றி. ஏதோ ஒரு காப்பீட்டு அலுவலகம் கழித்துக் கட்டியது அது. 'தணிக்கைப் பிரிவு - 3' என்ற ஒட்டுச்சீட்டு இன்னும் அதன் நெற்றியில் இருக்கிறது. அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம்; அம்மா மிதித்தால் திரையில் எழுத்தெல்லாம் ஆடும். எங்கள் வீட்டில் உலாவிகளின் பெயரை யாரும் சொல்வதில்லை, அதன் சின்னத்தில் இருக்கும் படத்தைத்தான் சொல்வோம். அம்மாவுக்குப் பட்டம். அதில்தான் எழுத்து பெரிதாகத் தெரிகிறதாம். பெரிதாக்கி வைத்தது நான்தான், மற்றதிலும் ஆக்கலாம் என்று நூறு முறை சொல்லிவிட்டேன், "பட்டத்துல தானா பெருசா வருது, உன்னோடதுல நீ ஆக்கணும், ரெண்டும் ஒண்ணா?" என்கிறாள். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் அக்காவுக்குக் குடை. அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது என்பது அவளுடைய வாதம். மறைக்க அவளிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், "அதைச் சொல்லிட்டா அப்புறம் குடை எதுக்கு?" என்பாள். தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறி ஓய்வுபெற்ற சித்தப்பாவுக்கு விளக்கு. அதைச் செய்தவர்களே கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. ஆனால் எங்கள் அச்சுப்பொறி ஏனோ விளக்கிலிருந்து அனுப்பினால் மட்டும்தான் காகிதத்தைக் கடிக்கும். அந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு சித்தப்பா நாட்டாமை செய்துவந்தார். எனக்கு ஆந்தை. அதுதான் வேகம். நான் கூரியர் கிடங்கில் நாளொன்றுக்கு எண்ணூறு முகவரி தட்டச்சு செய்பவன். வேகத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இப்படி ஆளுக்கொன்றாக அமைதியாக இருந்த வீட்டில் நீங்கள் ஆந்தைக்கு ஐந்து நட்சத்திரம், குடைக்கு நான்கு, பட்டத்துக்கு மூன்று, விளக்குக்கு அரை என்று போட்டு, விளக்குக்குப் பக்கத்தில் 'இன்றே நீக்கிவிடுங்கள்' என்றும் எழுதிவிட்டீர்கள். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். தப்புதான். சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. "அரையா? பூஜ்யம் போட்டிருந்தாலாவது மரியாதையா இருந்திருக்கும்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் அப்பாவின் உரிமம் வந்தது, அதாவது முடிய வந்தது. அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார், ஒரு விபத்து கிடையாது. கனரக வாகன உரிமத்தை வெள்ளிக்கிழமைக்குள் புதுப்பிக்காவிட்டால் சனிக்கிழமை முதல் பணிமனையில் பேருந்து கழுவ வேண்டும். முன்பெல்லாம் ஒரு தாளை நிரப்பி நீட்டினால் முடிந்துபோகும். இப்போது தாளை ஒழித்துவிட்டார்கள். எல்லாம் இணையத்தில்தான். ஒன்பது பக்கப் படிவம். நிற்காமல் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவரின் தகுதியை அவருடைய புகைப்படத்தின் எடையை வைத்து முடிவு செய்கிறார்கள். ஐம்பது கிலோபைட்டைத் தாண்டினால் ஆள் தகுதியற்றவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சவரம் செய்து, சீருடை போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். கணினிக்கு எதற்குச் சீருடை என்று யாரும் கேட்கவில்லை. நான் ஆந்தையைத் திறந்தேன். அம்மா பட்டத்தைத் திற என்றாள். சித்தப்பா, "கவர்மெண்ட் காரியம்னா விளக்குதான்டா, அவங்களும் பழசு, அதுவும் பழசு" என்றார். "ஐந்து நட்சத்திரம்" என்று நான் உங்கள் கட்டுரையைச் சுட்டிக்காட்டி வாயை அடைத்தேன். எட்டுப் பக்கம் மளமளவென்று போனது. ஒன்பதாவது பக்கத்தில் 'சமர்ப்பி' என்பதை அழுத்தியதும் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. பத்து நிமிடம். இருபது நிமிடம். அம்மா ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்து முடித்தாள், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் அரை நட்சத்திரத்துக்கான பழி மொத்தமும் இருந்தது. அப்பா மட்டும், "பொறுடா, இன்ஜின் ஓடிட்டுத்தானே இருக்கு" என்றார். "அப்பா, உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு ஆந்தையை இழுத்து மூடினேன்.

அதற்குப் பிறகு நடந்த சண்டையை உங்கள் பத்திரிகையில் அச்சிட முடியாது. 'யாரும் இதைத் தொடக் கூடாது, நானே வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனேன்; அதற்கு எனக்கு நேரம் கிடைக்கவேயில்லை. திங்கட்கிழமை நான் கிடங்குக்குப் போனதும் அம்மா பட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறாள். செவ்வாய் சித்தப்பா விளக்கில். புதன் அக்கா குடையில். மூன்று பேரும் தனித்தனியாக அப்பாவிடம், "மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்" என்று சொல்ல, அப்பா மூன்று முறையும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன்பா சொல்லவில்லை என்று கேட்டால், "வண்டியில ஏறுறவன் எங்க போறான்னு நான் கேக்கறதில்லயே" என்கிறார்.

வியாழக்கிழமை அப்பாவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: 'ஒரே நபரின் பெயரில் நான்கு விண்ணப்பங்கள். ஐயத்துக்குரியது. நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. நேரில் வரவும்.' எல்லாம் இணையத்தில் என்றவர்கள்தான் நேரில் வரச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். ஆறு கவுன்டர், ஐந்தில் ஆள் இல்லை. ஆறாவதில் ஒரு பெண் ஊழியர் முந்நூறு பேரின் கோபத்தையும் ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மற்ற ஐந்து நாற்காலியையும் காலி செய்தவர் யாரோ, அவர் மேல்தான் வந்தது.

அவர் திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஒண்ணுல ஓ பாசிட்டிவ், ஒண்ணுல பி பாசிட்டிவ், ஒண்ணுல ரத்த வகைக்கு நேரா 'நல்ல ரத்தம்'னு போட்டிருக்கு. இதுல நீங்க யாரு சார்?"

'நல்ல ரத்தம்' அம்மா. ஓ பாசிட்டிவ் அக்கா, அது அவள் கையால் சோதித்தது. பி பாசிட்டிவ் சித்தப்பா, தன்னுடையதையே போட்டுவிட்டார்.

"நாலாவது?" என்றேன்.

"அதுதாங்க முதல்ல வந்தது. அதுல எல்லாம் சரியா இருக்கு. அனுப்பினவங்க மெயிலுக்கு ஒப்புகைச் சீட்டு போயிருக்கும். அதை எடுத்துட்டு வாங்க, மத்த மூணையும் தள்ளிட்டு அன்னிக்கே முடிச்சுத் தர்றேன்."

வீட்டுக்கு வந்து மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து விசாரித்தேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பாதான் இரண்டு முறை அனுப்பியிருக்கிறார் என்பது என் முடிவு. முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை. நான் அனுப்பியதோ அந்த வட்டத்திலேயே செத்துவிட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆத்திரத்தில் ஆந்தையைக் கணினியிலிருந்தே பிடுங்கி எறிந்துவிட்டேன். நேற்று முதல் அப்பா பேருந்து கழுவுகிறார். அவர் ஓட்டிய வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்த, அதை அப்பா கழுவுகிறார். சாயங்காலம் கால்சட்டை முழங்கால் வரை நனைந்து வந்து, "தண்ணி வேலை, குளிர்ச்சியா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஐயா, உங்கள் சோதனையாளர்கள் புத்தம் புதுக் கணினியில் எந்த உலாவி ஒரு நொடி முந்துகிறது என்று பார்க்கிறார்கள். தணிக்கைப் பிரிவு - 3இல், பின்னால் ஒருவர் சீருடையோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, ஒன்பதாவது பக்கத்தில் எது கைவிடாது என்று பார்த்து நட்சத்திரம் போட்டதுண்டா? ஆகவே ஆந்தைக்குக் கொடுத்த ஐந்து நட்சத்திரங்களையும் பறிக்க வேண்டும், அதை முதல் பக்கத்தில் அறிவிக்க வேண்டும், என் அப்பாவிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கோருகிறேன்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும், அங்கே எத்தனை உலாவி இருந்தாலும், ஒற்றுமை நிலைக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஆறு வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும்,
கூரியர் கிடங்கு முகவரிப் பிரிவு ஊழியன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை கிடங்குக்கு விடுப்புக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. என் மின்னஞ்சலின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது, அது ஆந்தைக்குத்தான் தெரியும். வேறு வழியில்லாமல் ஆந்தையைத் திரும்ப இறக்கினேன். போகும்போது எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தது. முதல் கடிதமே ஒப்புகைச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டிருக்கிறது. அப்பா சொன்னபடி இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நட்சத்திரங்களை ஆந்தையிடமே விட்டுவிடுங்கள். சீட்டை உடனே கவுன்டரில் கொடுத்தால் நாளையே அப்பா வண்டியில் ஏறிவிடலாம். ஆனால் அதை அச்செடுக்க வேண்டும். ஆந்தையிலிருந்து அச்சு வராது. இப்போது விளக்குக்கு முன்னால் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளைக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் வாய் திறந்து, "விளக்குக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்கிறார். ஐந்து என்று சொல்லிவிட்டேன். உங்கள் கையெழுத்தோடு வேண்டுமாம்.